சளியும் சலியும்

சேசு மரி சூசை

ரோக்காசெர்னா, இத்தாலி
10 மார்ச் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வந்து சேர்ந்ததையும் சாப்பிட்டதையும் குளிர் அடிப்பதையும் ஃபோனிலேயே சொல்லிவிட்டேன். மூன்று மாதமாக அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சாப்டியா?" "சாப்டேன்." "அங்க மழையா?" "இல்ல." "ம்." அதற்குள் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் உங்களை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். நீங்கள் "இந்தா வாரேன்யா" என்று கத்துவீர்கள். நான் வைத்துவிடுவேன். கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் சண்டை. அதனால் இனிமேல் கடிதம்தான். சிரிக்காதீர்கள். நான் நர்ஸிங் படித்த காலத்தில் ஹாஸ்டலுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களில் எவ்வளவு பேசினீர்கள்! கல்யாணம் ஆன பிறகுதான் ஊமையாகிப் போனீர்கள். எழுத்திலாவது அந்த அத்தை மகன் இன்னும் இருக்கிறாரா என்று பார்க்கப் போகிறேன்.

இந்த ஊர் ஒரு மலை உச்சியில் இருக்கிறது. கொடைக்கானல் மாதிரி பரந்த மலை இல்லை. நம் மலைக்கோட்டைப் பாறை மாதிரி, சமவெளி நடுவே தனியாக எழுந்து நிற்கிறது. ரோக்கா என்றாலே இவர்கள் பாஷையில் பாறைக்கோட்டைதானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திண்டுக்கல்லை விட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து இன்னொரு திண்டுக்கல்லில் வந்து விழுந்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், நம் ஊரில் கோட்டை மேலே, ஜனங்கள் கீழே. இங்கே ஜனங்களும் கோட்டைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். கோயில், ரொட்டிக்கடை, தபாலாபீஸ் எல்லாம் உச்சியில். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் அவரவர் கால்தான்.

நான் பார்த்துக்கொள்கிற அம்மாவின் பெயர் அதேலே. பெயரிலேயே ஒரு 'ஏலே' இருப்பதாலோ என்னவோ, அதட்டல் ஜாஸ்தி. முட்டி தேய்ந்துபோய் மாடியை விட்டு இறங்க முடியாது. சன்னலோரம் உட்கார்ந்து தெருவை ஆள்கிறார். வந்த புதிதில் நான் கீழே அடுப்படியில் இருக்கும்போதெல்லாம் மேலேயிருந்து "சளி! சளி!" என்று சத்தம் வரும். கூடவே இருமலும் வரும். பாவம், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். வெந்நீர் போட்டு, தலையில் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். தைலம் தேய்த்தேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மனுஷி முழித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் கீழே இறங்கியதும் மறுபடி "சளி!" நானும் மறுபடி வெந்நீர்.

கடைசியில் இந்த வேலையை வாங்கித் தந்த என் சித்தி மகள் சிஸ்டர் பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கன்னியர் உடுப்பு நனைகிற அளவுக்குக் கண்ணீர் விட்டுச் சிரித்தாள். "அக்கா, அது சளி இல்ல, சலி! மேல ஏறி வான்னு கூப்பிடுறாங்க. நீ என்னடான்னா அவங்கள அவிச்சு எடுத்திருக்க." அன்றையிலிருந்து அதேலே அம்மா "சலி" என்று கூப்பிடுவதே ரசம் கேட்கத்தான். அந்த ஆவியை மட்டும் மன்னிக்கவில்லை.

வேலை டிசம்பரோடு முடிகிறது. அதற்கப்புறம் வருவாயா என்று ஃபோனில் கேட்கிறீர்கள். எனக்கே தெரியவில்லை மச்சான். ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. அடுப்படியில் இருந்தால் சன்னலுக்குப் போகத் தோன்றுகிறது, சன்னலில் நின்றால் தெருவுக்கு. பதில் எழுதுங்கள். தபாலில்.

அன்புடன்,
கிளாரா


திண்டுக்கல்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள கிளாராவுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழன் அன்று வந்தது. தபால்காரர் மோகன்குமார் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஸ்டாம்பு வேண்டுமாம். கிழித்துக் கொடுத்தேன்.

சளிக் கதையைச் சந்தையில் பக்கத்துக் கடைச் சுருளிவேலுக்குப் படித்துக் காட்டினேன். பங்காளி கடையையே மறந்து சிரித்தான். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். மல்லிகை வரத்து தாங்கவில்லை. எடுக்க ஆள் இல்லாமல் மூட்டை மூட்டையாக சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. ஈஸ்டருக்குச் சம்பங்கி மட்டும் நல்ல விலைக்குப் போனது. நம் கோயில் பீடத்துக்கு நானே மாலை கட்டிக் கொடுத்தேன். நீ இருந்தால் நீதான் கட்டியிருப்பாய்.

பாறையைப் பற்றி எழுதியிருந்தாய். அதன் நிழலில்தான் பிறந்தேன், அதன் நிழலில்தான் இருக்கிறேன். ஆனால் ஏறியதில்லை என்பது உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது பாதிப் படியில் தலை சுற்றி உட்கார்ந்தவனை வாத்தியார் தூக்கிக்கொண்டு இறங்கினார். இன்றைக்கும் மொட்டைமாடி ஓரத்துக்குப் போனால் கால் கூசும். அப்படிப்பட்டவனுக்கு நீ மலை உச்சியிலிருந்து கடிதம் எழுதுகிறாய்.

உனக்கு ஒரு விஷயம் நினைவுபடுத்துகிறேன். நம் பாறை உச்சியிலும் ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே சாமி இல்லை. பீரங்கியும் சிப்பாய்களும் மேலே ஏறிய காலத்தில் அம்மனைத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்குள் வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அன்றையிலிருந்து மேலே வெறும் கல்தான். திருவிழா, கூட்டம் எல்லாம் கீழே. என் கடைப் பூவே அந்த அம்மனுக்குப் போகிறது. சாமியே இறங்கி வந்துவிட்டது. நீ எப்போது இறங்கப் போகிறாய்?

ஜெயமேரி அக்கா உன்னைக் கேட்டது. தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். "கிளாரா எப்ப வாரா?" என்று கேட்டால் "டிசம்பர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
ஸ்தனிஸ்லாஸ்


ரோக்காசெர்னா
9 ஜூன் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அம்மனைக் காட்டி என்னை இறக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் அம்மன் தானாக இறங்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போக யார் வந்தார்கள்?

கோபிக்காதீர்கள். இந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன். இந்த ஊர் மேலே ஏறியதே பயத்தால்தான். முதலில் ஆற்றங்கரையில் இருந்ததாம். ஒரு பக்கம் கொள்ளைக்காரர்கள், மறுபக்கம் கொசுக்காய்ச்சல். இரண்டுக்கும் பயந்து கல்லைச் சுமந்து ஏறி, மதில் எழுப்பி, ஒரே ஒரு வாசல் வைத்து, ராத்திரி அதையும் பூட்டிக்கொண்டு பல நூறு வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு பிரபுக்கள் போனார்கள், கொள்ளைக்காரர்கள் போனார்கள், காய்ச்சலும் போனது. கீழே ரயில் வந்தது, ஃபேக்டரி வந்தது. வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கினவர்கள் திரும்ப ஏறவில்லை. இப்போது எங்கள் தெருவில் சாயங்காலம் விளக்கு எரிகிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூட்டிய வாசல்களில் ஊர்ப்பட்ட பூனைகள் படுத்திருக்கின்றன.

ஆனால் மே பிறந்ததும் பார்க்க வேண்டுமே! எந்தெந்த தேசத்து ஜனமோ மூச்சு வாங்க ஏறி வருகிறார்கள். யாருமில்லாத தெருதான் அவர்களுக்கு அழகாம். உதிர்ந்த காரையைப் படம் பிடிக்கிறார்கள். பூனையைப் படம் பிடிக்கிறார்கள். கொடியில் காய்கிற உள்பாவாடையைக்கூட விடுவதில்லை. கல்யாண ஜோடிகள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் வந்து நிற்கிறார்கள். அதேலே அம்மா சன்னலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அவர்கள் தலையில் ஊற்றிவிட்டு, பாட்டுப் பாடுகிற குரலில் மன்னிப்புக் கேட்பார். "இதுல ஒருத்தராவது ஜனவரியில ஏறி வரட்டும். அன்னைக்கு நானே காப்பி போட்டுத் தரேன்" என்பார். ஜனவரியில் இங்கே மூடுபனியும் அடைத்த சன்னல்களும்தான். யார் வருவார்கள்?

போன ஞாயிறு தேவநற்கருணைத் திருநாள். உங்களுக்காகவே எழுதுகிறேன், கேளுங்கள். தெரு முழுவதும் பூவிதழால் படம் போடுகிறார்கள். புறா, பாத்திரம், திராட்சைக்கொடி எல்லாம் இதழ்தான். அதன்மேல் சாமியார் நற்கருணை ஏந்தி நடந்து வருவார். முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு போட்டியாம். இப்போது முட்டி போட ஆளில்லை. அதனால் கோயில் முன்னால் மட்டும். நான் விடியுமுன்பே போய்க் குனிந்தேன். காற்றில் பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடுக்கினோம். உங்கள் கை அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதேலே அம்மாவின் மகன் மிலானில் இருக்கிறார். இந்த வீட்டின் காலி அறைகளை வருகிறவர்கள் தங்குகிற இடமாக மாற்றப் போகிறாராம். அம்மாவையும் பார்த்துக்கொண்டு அதையும் நடத்த நான் இருப்பேனா என்று கேட்கிறார். ஒருத்திக்கு முடியாது, கணவரையும் கூப்பிடு, இரண்டு பேருக்கும் முறையாகப் பேப்பர் எடுத்துத் தருகிறேன் என்கிறார். நவம்பருக்குள் பதில் வேண்டும்.

எனக்கு இங்கே இருக்க ஆசையாக இருக்கிறது மச்சான். நீங்களும் இருந்தால் இன்னும் ஆசை. வருவீர்களா?

அன்புடன்,
கிளாரா


திண்டுக்கல்
4 ஜூலை 2024

கிளாராவுக்கு,

படித்தேன். வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை.

நான் எதற்கு அங்கே? அறை கூட்டவா? வருகிறவனுக்குப் படுக்கை விரிக்கவா? இங்கே விவசாயிகள் என் பெயரைச் சொல்லித்தான் பூ மூட்டையை இறக்குகிறார்கள். அங்கே என் பெயரைச் சொல்லக்கூட ஒருத்தனுக்கு நாக்கு வளையாது. பஸ்கூட ஏறாத ஊருக்கு, மொட்டைமாடிக்கே பயப்படுகிறவனைக் கூப்பிடுகிறாய். வேண்டுமென்றே கூப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன். நான் வரமாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறாய். அப்போதுதானே நாளைக்கு "நான் கூப்பிட்டேன், அவர் வரவில்லை" என்று சொல்ல முடியும்?

ஒரே ஒரு வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உனக்கு நான் சலித்துவிட்டேன். இந்த வீடு சலித்துவிட்டது, இந்த ஊர் சலித்துவிட்டது. பூவைத் தரையில் கொட்டி மிதிக்கிற ஊர் இனிக்கிறது. இருந்துகொள்.

ராத்திரி சோறு கடையில்தான். வீட்டில் வைத்தால் மிஞ்சுகிறது.

ஸ்தனிஸ்லாஸ்

பி.கு. அந்தப் படத்துக்கு என்ன பூ போட்டார்கள்? ரோஜா இதழ் என்றால் முந்தின நாளே உதிர்த்து வைக்கக் கூடாது, ஓரம் கருத்துவிடும். ஈரச் சாக்கில் முழுப் பூவாக வைத்திருந்து போடும்போதுதான் உதிர்க்க வேண்டும். அவர்களிடம் சொல்.


ரோக்காசெர்னா
2 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

உங்கள் பின்குறிப்பைத்தான் முதலில் படித்தேன். அதை எழுதின மனுஷனோடு என்னால் வாழ முடியும். மேலே எழுதியிருக்கிறவரோடுதான் முடியவில்லை.

நீங்கள் எனக்குச் சலிக்கவில்லை. உங்கள் வாயடைப்புதான் சலித்துவிட்டது. நான் ஏன் வந்தேன் என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. சம்பளத்துக்கு வந்தேன் என்று தெருவுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன வருஷம் ஜெயமேரி மதினி வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. குழந்தை கைமாறிக் கைமாறி வந்தது. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவளிடமிருந்து என்னைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தவளிடம் போனது. நான் கையை நீட்டிவிட்டேன் மச்சான். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரி செய்தேன். மதினி சொன்னார், "ஒன்னுமில்ல கிளாரா, புள்ளைக்குத் தூக்கம் வந்துருச்சு." குழந்தை கண்ணை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் தங்காமல் போனவளிடம் கொடுத்தால் ஆகாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம்தான் இல்லையே. ஆஸ்பத்திரியில் எத்தனை குழந்தைகளைத் தாயே தொடுவதற்கு முன்னால் கையில் வாங்கினவள் நான். அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தான்.

நீங்கள் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தீர்கள். பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்ப்பதையும் பார்த்தீர்கள். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்து, தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கச் சொன்னீர்கள்.

அந்த வெஞ்சனத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கேயும் கேட்கிறார்கள். "பிள்ளைகள் உண்டா?" "இல்லை." "சரி, இந்தக் கூடையைக் கொஞ்சம் பிடி." அவ்வளவுதான். இந்த ஊருக்கே பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். சோகமான ஊர் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மூச்சு விட முடிகிறது.

நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு அந்த மகன் வருவார். அன்றைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும். அது வரைக்கும் ஃபோன் வேண்டாம். "சாப்டியா" என்று கேட்டால் அழுதுவிடுவேன்.

கிளாரா


திண்டுக்கல்
12 அக்டோபர் 2024

அன்புள்ள கிளாராவுக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. இப்போது எழுத விஷயம் இருக்கிறது.

போன மாதம் அக்கா பேரனுக்கு முதல் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. போகாமல் இருக்க முடியாது, அடுத்த தெரு. போய் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தது. "தாத்தாட்ட போடா" என்றது. பையன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். கனமாக இருந்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன் போல.

"ஏக்கா, எனக்குந்தான் புள்ள இல்ல. என் மடியில வைக்கிற. கிளாரா கைய நீட்டுனப்ப மட்டும் இவனுக்குத் தூக்கம் வந்துருச்சா?"

அக்கா "ஆம்பளைக்கு என்னடா அப்பு, நல்ல நாளும் அதுவுமா" என்றது. யாரோ ஒரு பெரிய மனுஷர் "விடு ஸ்தனிஸ்லாஸ், சாப்பிடு மொதல்ல" என்றார். வெஞ்சனம் வைக்கிறவன் வாளியோடு என் முன்னால் நின்றான். நான் பையனைத் திரும்பக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். இலையை மடிக்கக்கூட இல்லை.

வீட்டுக்குப் போகத்தான் நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தேன். பூட்டைப் பார்த்தேன். உள்ளே போய் என்ன செய்வது? கால் அப்படியே மேலே நடந்தது. கோட்டை வாசலில் டிக்கெட் வாங்கும்போதுதான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது. வெள்ளை வேட்டி, விருந்துச் சட்டை, வெறும் வயிறு. பாறையில் வெட்டின படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வாத்தியார் என்னைத் தூக்கின இடம் எதுவென்று தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டே போனதில் உச்சி வந்துவிட்டது.

மேலே அந்தக் கோயிலுக்குள் போய்ப் பார்த்தேன். சாமி இருந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதையும் நாலு பேர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மதில் பக்கம் போகாமல் நடுவிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிறுமலை. நம் தெரு தெரிந்தது. மொட்டைமாடியில் நீ வாங்கிப் போட்ட நீலத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. அக்கா வீட்டுப் பந்தல் ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது. நீ பயப்படவில்லை. நான்தான்.

ஏறியது பெரிதில்லை. இறங்க முடியவில்லை. வாட்ச்மேன் விசில் அடிக்கிறார், எல்லாரும் இறங்குகிறார்கள். நான் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேகம்பூர் பாத்திமா என்று ஓர் அம்மா, சர்க்கரைக்காகத் தினமும் ஏறி இறங்குகிறவராம். என்னைப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"கீழ பாக்காதீங்கண்ணே. என் முதுகப் பாத்துக்கிட்டே மெதுவா வாங்க. நான் பேசிக்கிட்டே போறேன்."

பேசிக்கொண்டே போனார். பாதியில் கேட்டார், "விருந்துச் சட்டையோட யாரப் பாக்கண்ணே ஏறுனீங்க?"

"பொண்டாட்டிய" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப அவங்க மேலயா இருக்காங்க?"

"ஆமாம்மா, மேலதான் இருக்கா."

அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். செத்துப் போய்விட்டாய் என்று நினைத்திருப்பார். நாளைக்கு வழியில் பார்த்தால் சொல்லிவிட வேண்டும்.

மறுநாளே மதுரைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தேன். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். புத்தகம் வந்துவிட்டது. உன் சித்தி மகள் சிஸ்டர்தான் அழைப்புக் கடிதம் ஏற்பாடு செய்கிறது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று. விசாவுக்குச் சென்னை போக வேண்டும். தைப்பொங்கல் பூ வியாபாரம் முடிந்த கையோடு கிளம்புவேன். கடையைச் சுருளிவேல் பார்த்துக்கொள்வான். "போய்ட்டு வாடா, போகாம இங்க இருந்து என் உசுர வாங்காத" என்கிறான்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். வருகிறேன் என்றுதான் எழுதுகிறேன். இருப்பேன் என்று எழுதவில்லை. மூன்று மாதத்துக்குத்தான் விசா, அதுவும் டூரிஸ்ட் விசா. அதேலே அம்மாவிடம் சொல்லிவை, தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நீ பேசச் சொன்னாய். இவ்வளவு நான் பேசியதே இல்லை. கை வலிக்கிறது. சாப்பிட்டாயா?

உன்,
ஸ்தனிஸ்


ரோக்காசெர்னா
5 நவம்பர் 2024

அன்புள்ள என் மச்சானுக்கு,

அடுப்படிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மேலேயிருந்து அதேலே அம்மா கத்திக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை. கடைசியில் அவரே பாதிப் படிவரை இறங்கி வந்துவிட்டார். அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. நான் அழுவதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை, என் வீட்டுக்காரர் மலையேறிவிட்டார் என்றேன். இதற்கா அழுவாய் என்று திட்டினார். அவரை மறுபடி மேலே ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன் விருந்துச் சட்டையோடு பாறை ஏறியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் தாமதம். இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். அந்த நீட்டின கை இவ்வளவு நாள் எங்கே போனாலும் என்னோடு நீட்டியபடியே வந்தது. நேற்றுதான் அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பாத்திமா அக்காவைப் பார்த்தால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கட்டாயம் சொல்லுங்கள். வரும்போது அவருக்கு என் பீரோவில் இருக்கிற புதுச் சேலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு அந்த மகன் வந்தார். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றிக் கேட்டார். "வந்து பார்ப்பார்" என்றேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் கழித்து நீங்கள் பெட்டியைக் கட்டினால் அன்றைக்கு அழுதுகொள்கிறேன். இப்போதே அதற்கும் சேர்த்து அழ மாட்டேன்.

எப்போது வருகிறீர்கள் என்று அதேலே அம்மா கேட்டார். "ஜனவரி" என்றேன். "அந்த ஆளுக்கு மூளை சரியில்லையா?" என்றார். பிறகு, காப்பி டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஜனவரியில் வந்தால் அழகு ஒன்றும் தெரியாது. பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி மூடியிருக்கும். கடை இரண்டுதான் திறந்திருக்கும். தெருவில் பூனைகூட இருக்காது. ஒரு நல்லது, கீழே பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, அதனால் உங்களுக்குத் தலை சுற்றாது. கனமான சட்டை எடுத்து வாருங்கள். மிளகு, புளி, நம் ஊர்ச் சீரகம் வேண்டும். பூ எதுவும் எடுத்து வராதீர்கள், வாடிப் போகும். ஜூன் மாதத்துக்கு இங்கே ரோஜா கிடைக்கும். ஈரச் சாக்கு வைக்கிற விஷயத்தைச் சொன்னேன். அதை யார் வந்து செய்து காட்டுவார் என்று கேட்கிறார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பஸ் உங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே ஒரு கல் தொட்டியும் நீர்க்குழாயும் இருக்கும். அதைத் தாண்டினால் ஊர் வாசல், அதற்குள் ஒரே ஏற்றம்தான், வழி தவறாது. ஒரு பக்கம் முழுக்கக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பெட்டியைப் பிடிக்கப் பாதி வழிக்கு நான் இறங்கி வருவேன். ஆனால் முதலில் சன்னலில்தான் நிற்பேன். பனியில் என்னை உங்களுக்குத் தெரியாது, உங்களையும் எனக்குத் தெரியாது. பெட்டிச் சக்கரம் கல்லில் உருளுகிற சத்தம் கேட்டதும் அதேலே அம்மா மாதிரி மேலேயிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் கத்துவேன். தெருவே கேட்கும்படி கத்துவேன். அதைத் தமிழில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பிட்டேன். நீங்கள்?

உங்கள்,
கிளாரா